விசுவகர்மா பூசைக்கு மறுநாள்

வங்காளத்துத் தொழிற்கூடங்களுக்குச் செப்டம்பர் 17 தனிச்சிறப்புடைய நாள். அன்று விசுவகர்மா பூசை. கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஹவுராவின் பெலிலியஸ் சாலையிலும் தாஸ்நகரிலும் பட்டறைகள் துடைத்து வைத்த குத்துவிளக்குப் போலத் துலங்கும். லேத்துகளுக்கு மாலை சூட்டியிருப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு நீங்கிய தரையில் கோலம் இருக்கும். யானை மீது அமர்ந்த தேவதச்சனின் மண்ணுருவம் நடுவே வீற்றிருக்க, மாடிகளில் இளைஞர்கள் பட்டம் விடுவார்கள். நம் ஊர் ஆயுதபூசையைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

தம் நிறுவனத்திற்கு விளம்பரக் காணொளி எடுக்க விரும்பும் உரிமையாளர் பலர், தம்மை அறியாமலே, இத்தகைய ஒரு நாளைத்தான் மனத்தில் வைத்துத் திட்டமிடுகிறார்கள். எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டிருக்க வேண்டும், எல்லாரும் புதுச்சட்டை அணிந்திருக்க வேண்டும், இரைச்சல் இருத்தலாகாது. அந்த நாளின் அழகை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அன்று இயந்திரம் ஓடுவதில்லை. பொருள் வாங்க வருபவருக்கோ ஓடுகிற பட்டறையைத்தான் காண வேண்டும். படப்பிடிப்பைப் பூசைக்கு மறுநாளுக்குத் திட்டமிடுங்கள் என்பதே என் கருத்து. துப்புரவு அன்றும் எஞ்சியிருக்கும், வேலையும் தொடங்கியிருக்கும்.

பழைய கிளைவ் தெருவான நேதாஜி சுபாஷ் சாலை, ஸ்டிராண்டு சாலை, கேனிங் தெரு, மின்பொருள்களுக்குப் பெயர்பெற்ற எஸ்ரா தெரு ஆகியவை கிழக்கிந்தியாவின் ஆலைகளுக்கு நெடுங்காலமாகப் பொருள் வழங்கி வருபவை. குழாய், வால்வு, பேரிங், வீ-பெல்ட், வெல்டிங் கம்பி, நட்டு, போல்ட்டு என எதைக் கேட்டாலும் ஏதேனும் ஒரு சந்துக்குள் கிடைக்கும். அறிமுகத்தாலும் வாய்ச்சொல்லாலும் வளர்ந்த வாணிகம் இது. இன்று கோயம்புத்தூரிலோ டாக்காவிலோ அமர்ந்திருக்கும் கொள்முதல் அலுவலர், கடையின் படியேறுவதற்கு முன் அதனைத் தம் கைப்பேசியில் பார்த்துவிடுகிறார். ஆகவே காணொளி தேவையா என்ற வினா முடிந்துபோன ஒன்று. எத்தகைய காணொளி என்பதே எஞ்சி நிற்கும் வினா.

வழக்கமாக வருவது எது என்பதை நாம் அறிவோம். கூரைக்கு மேல் ட்ரோன் ஒன்று வட்டமிடும். மேசைக்குப் பின்னால் உரிமையாளர் அமர்ந்து, தரமே எமது உயிர்மூச்சு என்பார். பின்னணியில் முழக்கமிடும் இசை. இருவர் கைகுலுக்குவார்கள். மூன்று நிமிடங்கள் கழிந்த பிறகும், அந்தக் கடையில் எந்த அளவு வால்வு இருப்பில் உள்ளது என்பது பார்த்தவருக்குத் தெரிந்திராது.

கொள்முதல் அலுவலரின் ஐயங்கள் எளியவை. வரும் சரக்கை யார் அளந்து பார்க்கிறார்கள்? சோதனைச் சான்றிதழ் உண்டா? பேரிங்குகள் தயாரிப்பாளரின் உறை பிரியாமல் ஈரமற்ற இடத்தில் அடுக்கப்பட்டுள்ளனவா? ஆணை கிடைத்து எத்தனை நாளில் சரக்கு வெளியேறும்? வால்வு விற்பவர் ஒருவர், நீரழுத்தச் சோதனை ஒன்றை வெட்டாமல் முழுமையாகக் காட்டட்டும். அழுத்தமானியின் முள் குறித்த நேரம் வரை இறங்காமல் நிற்பதைப் பார்ப்பவர் தம் கண்ணாலேயே காணட்டும். எந்த அடைமொழியும் அதற்கு ஈடாகாது. அத்தகைய காட்சி தற்செயலாகக் கிடைப்பதும் இல்லை. எதைக் காட்டப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தாக வேண்டும். 1950களில் டாட்டா எஃகு நிறுவனத்தைப் பற்றி ஹரிசாதன் தாஸ்குப்தா ஆவணப்படம் எடுத்தபோது, திரைக்கதை எழுதியவர் சத்யஜித் ராய், ஒளிப்பதிவு கிளாடு ரென்வார், இசை ரவிசங்கர். விளம்பர நிறுவனம் ஒன்றில் 1943இல் எண்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஓவியராகச் சேர்ந்தவர் ராய் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். அத்தனை பெரியவர்களை நாம் அமர்த்த இயலாது. எழுதிய பிறகே கருவியை எடுப்பது என்ற ஒழுங்கையேனும் அவர்களிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம்.

இனி, இவ்விஷயத்தில் என் மனத்தை நெடுநாளாக உறுத்தி வரும் நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

நியூயார்க் நகரத் தெருக்களில் நடப்பவர்கள், காலடியில் உள்ள சாக்கடை மூடிகளிலும் மின்தட மூடிகளிலும் இந்தியாவில் செய்யப்பட்டது என்ற எழுத்துகளைக் காணலாம். அவற்றில் பல, ஹவுராவின் வார்ப்பாலைகளில் பிறந்தவை. நூறு கிலோவுக்கு மேல் எடை கொண்டவையும் அவற்றில் உண்டு. 2007 நவம்பரில் அந்நகரின் நாளேடான நியூயார்க் டைம்ஸ், ஹவுராவின் வார்ப்பாலை ஒன்றில் எடுத்த ஒளிப்படங்களுடன் செய்தி வெளியிட்டது. 1,300 பாகைக்கு மேல் கொதிக்கும் இரும்புக் குழம்பை வெறுங்காலுடனும் திறந்த மார்புடனும் தொழிலாளர் சுமந்து ஊற்றும் காட்சிகள் அவை. அங்கிருந்து மூடிகளை வாங்கிவந்த கான் எடிசன் மின் நிறுவனம் படங்களைக் கண்டதும், வெளிநாட்டு ஒப்பந்தங்களில் தொழிலாளர் பாதுகாப்புக்கான விதிகளைச் சேர்க்கப்போவதாக அறிவித்தது.

அந்த ஆலை தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. ஒளிப்படக்காரரை உள்ளே விட்டது. அங்கிருந்தவர்களுக்கு அது அன்றாடக் காட்சி. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று கருதியிருப்பார்கள். உலகின் மறுகோடியில் அதே காட்சி வேறாகத் தெரிந்தது. விளம்பரப் படம் எடுக்க விரும்பும் ஒவ்வொரு பட்டறைக்கும் இங்கே ஒரு செய்தி இருக்கிறது: நாம் கடைசியாக எப்போது நிமிர்ந்து பார்த்தோம் என்றே நினைவில்லாத மூலைகளையும் கருவி பார்த்துவிடும்.

ஹவுராவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நேர்மையாகாது. கடைசிப் பைசா வரை விலையைக் குறைத்து வாங்கியவருக்கு, அந்த விலையில் காலணி அடங்கவில்லை என்பது படத்தைப் பார்த்துத்தானா தெரிய வேண்டும்? 2014இல் நடாஷா ரஹேஜா என்பவர் அதே மூடிகளைப் பற்றி ‘காஸ்ட் இன் இந்தியா’ என்ற குறும் ஆவணப்படத்தை எடுத்தார். அது அந்த மூடிகளுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களையும் அவர்கள் உழைப்பையும் முன்னிறுத்தியது. ஊரும் தொழிலும் ஒன்றே, பார்வைதான் வேறு. இரண்டு பார்வைகளுக்கும் ஆயத்தமாக இருக்கும் பட்டறையே படமெடுக்கத் தகுதி பெற்றது.

இந்த ஆயத்தத்தைக் குறுக்கு வழியில் செய்பவர்கள் உண்டு. படப்பிடிப்பு நாளன்று காலையில் இருபது தலைக்கவசங்களும் இருபது ஒளிரும் மேற்சட்டைகளும் வாடகைக்கு வந்து இறங்கும்; மாலையில் எண்ணிப் பார்த்துத் திருப்பி அனுப்பப்படும். நடுவில் உள்ள எட்டு மணி நேரம், அங்கு வேலை செய்பவர்கள் பாதுகாப்பாக வேலை செய்பவர்களைப் போல நடிக்கிறார்கள். இதைச் சிறிய பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குக் காப்பு தர வேண்டும், சுழலும் உறுப்புகளுக்கு வேலியிட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே கூறிவிட்டது. முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அதனைப் படத்துக்காக மட்டும் கடைப்பிடிப்பது, தன் தேவையைத் தெரிந்துகொண்டே அதனை மறுப்பதாகும். வாணிக நோக்கிலும் இது பயனற்றது. பெரிய நிறுவனங்களும் ஏற்றுமதிக் கொள்முதலாளர்களும் முதல் ஆணைக்கு முன் தணிக்கையாளரை அனுப்புகிறார்கள். படத்தில் கண்ட தலைக்கவசத்தை அவர் பட்டறையில் தேடுவார்.

எனவே செலவுத் திட்டத்தின் முதல் வரியில் கண்ணாடியும் காலணியும் வரட்டும். ஒளிப்பதிவுக் கருவியின் வாடகை அதற்குக் கீழே வரட்டும். சிறு நிறுவனத்தால் இரண்டும் ஒரே ஆண்டில் இயலாதெனில், படம் ஓராண்டு காத்திருக்கலாம். இந்த இதழின் வாசகர்களுக்கு மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சரக்கு வாங்குவதற்கென வங்கி வழங்கிய ரொக்கக் கடன் வரம்பிலிருந்து பெருந்தொகையை விளம்பரப் படத்திற்கு எடுத்துவிட்டு, பண்டிகைக் காலத்தில் சரக்குக்குப் பணமின்றித் தவிப்பது விவேகமாகாது. சரக்கு ஒரு மாதத்தில் காசாகிவிடும். காணொளி எப்போது காசாகும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. படமெடுப்பவர் முறையான ஜி.எஸ்.டி. பட்டியல் தருபவராக இருந்தால், பதிவு பெற்ற நிறுவனங்கள் செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கணக்கில் கொள்ளலாம். ரசீதில்லாமல் சற்றுக் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

படப்பிடிப்பு நாளன்று அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்? இயக்குநரிடம் என்பதே வழக்கமான விடை. பட்டறைக்குள் அதிகாரம் ஃபோர்மேனிடமே இருக்க வேண்டும் என்பேன். அழகுக்காக லேத் ஓட்டுபவரின் கைகளில் உறை மாட்டச் சொல்லும் இயக்குநருக்கு, சுழலும் தண்டில் கையுறை சிக்கினால் விரல்களும் உடன் செல்லும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. தீப்பொறி இன்னும் சிறப்பாகப் பறக்கட்டும் என்று அரைக்கும் சக்கரத்தின் காப்புத் தகட்டை அவர் கழற்றச் சொல்லலாம். நிறுத்துங்கள் என்ற ஒரு சொல்லால் படப்பிடிப்பையே நிறுத்தும் உரிமை ஃபோர்மேனுக்கு உண்டு என்பதை முதல் நாளே எல்லார் முன்னிலையிலும் அறிவித்துவிட வேண்டும். தொழிலறிந்தவரின் கண் மற்றொரு வகையிலும் உதவும். புதிய பேரிங்கைச் சுத்தியலால் நேரடியாக அடித்து ஏற்றும் காட்சி, அறியாதவருக்கு உழைப்பின் வீரமாகத் தோன்றலாம். பொறியாளர் ஒருவர் அதைக் கண்டால், அந்தக் கடையில் பேரிங் வாங்க மாட்டார்.

கொல்கத்தாவின் நடைமுறைத் தொல்லைகள் தனி. பர்ராபஜாரின் சந்துகளில் பத்து மணிக்கு மேல் முக்காலியை நிறுத்தவும் இடம் கிடைக்காது. தலைச்சுமைக்காரர்களுக்கு வழிவிட்டே நேரம் கழியும். தெருக்காட்சிகளைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நன்று. டிசம்பரில் இந்நகரில் ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். சென்னையை விட ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முன்னதாக. சென்னையிலிருந்து குழுவை அழைத்துச் செல்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் கடைசி இரண்டு காட்சிகளை இழப்பார்கள். ஆகாயப் படத்துக்கு ஆசைப்படுபவர்கள் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, தம் இடம் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மண்டலங்களில் எதில் உள்ளது என்று முதலில் பார்க்கட்டும். தகரக் கூரையை வானிலிருந்து காட்டி எந்த வால்வும் விற்றதாக எனக்குத் தெரியாது. குழல்விளக்கின் கீழ் எடுக்கும் படம் துடிப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி கொண்டது. கருவியின் திறப்பு நேரத்தை ஐம்பதில் ஒன்றாகவோ நூறில் ஒன்றாகவோ வைத்தால் அது பெரும்பாலும் அடங்கும்.

உரிமையாளரின் மேசை தனிக் கவனத்துக்குரியது. அங்கே விரிந்து கிடக்கும் காசோலை, கணினித் திரையில் திறந்திருக்கும் வங்கிக் கணக்கு, சுவரில் ஒட்டிய கடவுச்சொல், வாடிக்கையாளர் நம்பிக்கையுடன் ஒப்படைத்த வரைபடம் ஆகிய அனைத்தும் இன்றைய கருவிகளில் எழுத்தெழுத்தாகத் தெளிவாகப் பதியும். பார்ப்பவர் படத்தை நிறுத்தி, பெரிதாக்கிப் படிக்கலாம். கணக்கு எண்ணையும் கடிதத்தாளையும் அறிந்த ஒருவர், உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளருக்குப் போலிப் பட்டியல் அனுப்புவதற்கு மேலும் பெரிதாக ஒன்றும் தேவைப்படாது. சுவரில் தொங்கும் சான்றிதழ்களின் காலாவதி நாளையும் அப்படியே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தொழிலாளரின் இசைவைக் கேட்டுப் பெறுவது சடங்கன்று. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உழைப்பவர் பலர்; தம் முகம் எங்கே, எத்தனை காலம் காட்டப்படும் என்பதை அவர்கள் மொழியிலேயே சொல்லிக் கேட்க வேண்டும். வேண்டாம் என்பவர் அன்று காட்சிக்கு வெளியே வழக்கமான வேலையைப் பார்க்கட்டும். கூலியில் குறைவு வரலாகாது. பேசச் சம்மதிப்பவரை இயந்திரத்தருகே நிறுத்திக் கத்தவைக்காமல், இரைச்சலில்லாத அறையில் குரலைத் தனியே பதிவு செய்யலாம். முப்பது ஆண்டுகள் சரக்கறையைக் காத்த ஒருவர், எந்த அலமாரியில் எது உள்ளது என்று தம் வங்காளத்திலோ போஜ்புரியிலோ சொல்வது, உரிமையாளரின் ஆங்கிலத்தைக் காட்டிலும் நம்பிக்கை தரும். கீழே எழுத்தில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

இறுதியாக, எடுத்த படம் யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கொல்கத்தாவின் ஹீராலால் சென் 1898இல் ராயல் பயாஸ்கோப் நிறுவனத்தை நிறுவியவர். ஜபாகுசும் தலைத்தைலத்துக்கும் மலேரியா மருந்து ஒன்றுக்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளம்பரப் படம் எடுத்தவர். நாட்டின் முதல் விளம்பரப் படங்களாக அவற்றைக் கருதுபவர் உண்டு. அவற்றுள் ஒன்றையும் நாம் இன்று காண இயலாது. 1917இல் கிடங்கில் பற்றிய தீயில் அவர் எடுத்தவை அனைத்தும் அழிந்தன. அதே ஆண்டில் அவரும் மறைந்தார். வெட்டி ஒட்டிய மூன்று நிமிடப் படத்தை மட்டும் பெற்றுக்கொண்டு நின்றுவிடாமல், எடுத்த காட்சிகள் முழுவதையும் இரண்டு வன்தட்டுகளில் கேட்டு வாங்குங்கள்; ஒன்று அலுவலகத்திலும் மற்றொன்று வேறு கட்டடத்திலும் இருக்கட்டும். கட்டணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, அந்த இரண்டு தட்டுகளும் கைக்கு வந்து திறந்து பார்க்கப்படும் வரை கடைசித் தவணையை நிறுத்திவைக்கலாம்.