பக்கத்து வீட்டுப் பங்கு

உணவு உடலை வளர்ப்பது. பகிர்ந்த உணவு உறவையும் வளர்ப்பது. ஒருவர் தம் வீட்டில் தம் கையால் சமைத்த பண்டத்தில் ஒரு பங்கை அடுத்த வீட்டிற்கு அனுப்புதல் சிறு செயலாகவே தோன்றும். அதனால் நாட்டின் வறுமை தீர்ந்துவிடாது. அதனைச் செய்தவரை ஊரார் வள்ளல் என்று போற்றப் போவதும் இல்லை. ஆயினும், ஒரு தெருவில் வாழ்வோர் ஒருவரை ஒருவர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை அளந்து காட்டுவதற்கு அச்சிறு தட்டினும் சிறந்த கருவி வேறில்லை. இவ்வுண்மைக்குக் காஞ்சி மாநகரின் பழமையும் புதுமையும் சான்று பகர்கின்றன.

கோயில்களாலும் பட்டாலும் பெயர் பெற்ற அந்நகர், பண்டு விருந்தோம்பலாலும் பெயர் பெற்றிருந்தது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கச்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றியது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையுற்ற மற்றொரு பாணனை அம்மன்னனிடம் செல்லுமாறு வழிப்படுத்துகின்றான். வழியில் யார் யார் இல்லத்தில் என்னென்ன உணவு கிடைக்கும் என்பதையும் அவன் விரித்துரைக்கின்றான். ஆயர் தினைச் சோற்றைப் பாலொடு தருவர். உழவர் வெண்ணெற் சோற்றைக் கோழிக் கறியொடு தருவர். அந்தணர் மனையில் மிளகும் கறிவேப்பிலையும் கலந்து சமைத்த மாதுளங்காயும், மாவடு ஊறுகாயும் சோற்றொடு கிடைக்கும். இவற்றுள் எதுவும் விருந்தினனுக்கென்று விலை கொடுத்து வாங்கியதன்று. அவரவர் இல்லத்தில் அவரவர் உண்ணும் உணவே வந்தவனுக்கும் உரியதாயிற்று.

ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலையும் காஞ்சியில் நிகழ்ந்த உணவுக் கொடையைப் பேசுகின்றது. அந்நகர் மழையின்றிப் பசியால் வாடியபொழுது, மணிமேகலை அமுதசுரபி என்னும் பாத்திரத்தோடு அங்குச் சென்று, வந்தோர் அனைவருக்கும் உணவளித்தாள் என்று சீத்தலைச் சாத்தனார் பாடியுள்ளார்.

வழிப்போக்கனுக்கு உணவளித்தல் விருந்தோம்பல். பசித்தவனுக்கு உணவளித்தல் அறம். அடுத்த வீட்டாரோ வழிப்போக்கரும் அல்லர், பசித்தவரும் அல்லர். அவர் வீட்டிலும் அடுப்பு எரிகின்றது. அவருக்கு எதற்காக ஒரு பங்கு அனுப்புதல் வேண்டும் என்று வினவலாம். இவ்வினாவிற்கு விடை, காஞ்சியின் நெசவாளர் தெருக்களிலேயே கிடைக்கும்.

பட்டு நெசவு தனி ஒருவரால் முடியும் தொழில் அன்று. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமைந்த புடவையைக் கோர்வை முறையில் நெய்யும்பொழுது, மூன்று நாடாக்கள் ஓடுதல் வேண்டும். தறிக்குழியில் கால் வைத்து நெய்பவர் ஒருவர். அவருக்குத் துணையாய் அமர்ந்து கரையின் நாடாவைத் தள்ளுபவர் மற்றொருவர். விடியற்காலையில் நீண்ட பாவினைத் தெருவில் விரித்துச் சீர்செய்யும்பொழுதும் பல கைகள் தேவைப்படுகின்றன. அக்கைகள் பெரும்பாலும் அண்டை அயலாரின் கைகளே. ஒருவர் முகத்தை ஒருவர் அறியாத தெருவில் பாவு விரிப்பது எங்ஙனம்? அழைத்தவுடன் ஓடி வரும் உறவு, அழைக்கும் நாளில் திடீரென்று முளைப்பதன்று. அது நல்ல நாளிலே ஒரு கிண்ணம் பாயசமாகவும், சாதாரண நாளிலே ஒரு பிடி கீரையாகவும், சிறிது சிறிதாக வளர்ந்து வருவது. தட்டு வந்து போகும் வாயில் வழியேதான் துன்பக் காலத்தில் துணையும் வரும்.

அத்தகைய தெருவில் வாழும் ஓர் எளிய இல்லத்தைக் கருதுக. கொல்லையில் படர்ந்த கொடியில் பரங்கிக்காய் ஒன்று பழுத்திருக்கின்றது. நால்வர் மட்டுமே உள்ள குடும்பத்திற்கு அஃது ஒரு வேளையில் தீராதது. அதனைக் கீறினால், பொன்னிறமான சதை தோன்றும். அதனைத் துருவி வேகவைத்து, வெல்லப் பாகும் அரிசி மாவும் ஏலப்பொடியும் சேர்த்துக் குழிச்சட்டியில் வார்த்தால் மணமுள்ள பணியாரம் ஆகின்றது. சூடு ஆறுமுன் அவ்வீட்டுச் சிறுமி ஒரு தட்டில் எட்டுப் பணியாரங்களை வைத்து, வாழை இலை நறுக்கால் மூடி, எதிர் வீட்டிற்கு எடுத்துச் செல்கின்றாள். அவ்வீட்டுப் பாட்டி அவற்றை வாங்கிக்கொண்டு, தட்டை வெறுந்தட்டாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பிடி சர்க்கரையையோ இரண்டு வாழைப்பழங்களையோ அதில் வைத்துத் தருகின்றார். வெறுந்தட்டைத் திருப்பலாகாது என்னும் இவ்வழக்கம் தமிழகத்தின் பல ஊர்களிலும் உள்ளது. இதன் கருத்து ஆழமானது. கொடுத்தவர் உயர்ந்தவரும் அல்லர். பெற்றவர் தாழ்ந்தவரும் அல்லர். இருவரும் நிகரானவர் என்பதை அந்த ஒரு பிடி சர்க்கரை சொல்லாமற் சொல்கின்றது.

அப்பணியாரத்திற்குரிய பரங்கியின் வரலாறும் கருதத்தக்கது. இன்று தமிழர் அடுக்களையில் இடம் பெற்றுள்ள அக்காய் தமிழ்நாட்டிற்கு உரிய பழங்காய் அன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பசின் 1492-ஆம் ஆண்டுப் பயணத்திற்குப் பின்னரே அது கடல் கடந்து பிற நாடுகளுக்குப் பரவியது. ஐரோப்பியரைப் பரங்கியர் என்று அழைத்த தமிழர், அவர் வழியாக வந்த காயையும் அப்பெயராலேயே அழைத்தனர் என்பர். இன்றோ, மார்கழி விடியலில் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையார் மீது அமர்ந்து ஒளிர்வது அக்கொடியின் மஞ்சள் மலரே. பொங்கல் நாளில் பரங்கிக்காய்க் குழம்போ கூட்டோ இல்லாத இல்லங்கள் சிலவே. அயல்நாட்டுக் கொடியை வீட்டுக் கொடியாக ஏற்றுக்கொண்டவர்க்கு, அயல்வீட்டு மனிதரை ஏற்றுக்கொள்ளுதல் அரிதாகலாமோ?

அப்பூசணியின் தாயகமான அமெரிக்காவிலும் இதனை ஒத்த வழக்கம் உண்டு. இலையுதிர் காலத்தில் பூசணி விளைந்து குவியும். அங்குள்ள மக்கள் அதன் விழுதோடு கோதுமை மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் கலந்து, பட்டை, கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றின் பொடியைத் தூவி, வீட்டு அடுப்பிலே பிஸ்கோத்துகளாகச் சுட்டு, அண்டை வீட்டார்க்கு வழங்குவதுண்டு. அமெரிக்கப் பூசணி தமிழ்நாட்டுப் பணியாரத்தில் கலந்தது. இலங்கைப் பட்டையும், கீழ்க்கடல் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் அமெரிக்கப் பிஸ்கோத்தில் கலந்தன. உலகத்து உணவே ஒருவர்க்கொருவர் அனுப்பிய பங்குகளால் ஆனது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

காஞ்சியில் வரதராசப் பெருமாள் கோயிலின் இட்டிலியும் புகழ் வாய்ந்தது. அரிசியும் உளுந்தும் கரகரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் ஆகியவற்றை நெய்யோடு சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையில் ஊற்றி நெடுநேரம் ஆவியில் வேகவைப்பர். வெந்தபின் அப்பெரிய இட்டிலியைத் துண்டு துண்டாக நறுக்கி வழங்குவர். ஒரே குடலையில் வெந்த இட்டிலியின் துண்டுகள் பல தெருக்களிலிருந்து வந்தவர் கைகளில் சேர்கின்றன. கோயிலில் ஒரே பிரசாதத்தைப் பெறுபவர், தெருவில் ஒருவர் வீட்டு உணவை ஒருவர் ஏற்க மறுப்பாராயின் அஃது என்ன முறை?

இவ்வினா இன்று புதிதாகத் தோன்றியதன்று. இராமானுசர் காஞ்சியில் இல்லறத்தில் வாழ்ந்த காலத்தில் நிகழ்ந்ததாகக் குருபரம்பரை நூல்கள் ஒரு செய்தி கூறும். வரதராசருக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு புரிந்த திருக்கச்சி நம்பிகள் பிறப்பால் அந்தணர் அல்லர். ஆயினும், இராமானுசர் அவரைப் பெரியோராகப் போற்றினார்; தம் இல்லத்திற்கு உணவுண்ண அழைத்து, அவர் உண்டு எஞ்சியதைத் தாம் உண்ண விரும்பினார். நம்பிகளை அழைத்துவர இராமானுசர் ஒரு வழியே செல்ல, நம்பிகள் வேறு வழியே வந்து, உணவுண்டு, கோயில் தொண்டிற்கு விரைந்து சென்றுவிட்டார். இராமானுசரின் மனைவியார் எஞ்சிய உணவை அகற்றி, நம்பிகள் உண்ட இடத்தைத் தூய்மை செய்து, தாமும் நீராடி, கணவர்க்கென்று மீண்டும் சமைத்தார். திரும்பி வந்த இராமானுசர் நிகழ்ந்ததை அறிந்து பெரிதும் வருந்தினார். அவ்வம்மையார் விருந்தினர்க்கு உணவு இட மறுக்கவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. உணவு இட்டார், ஆயினும் உண்டவரைத் தமக்கு நிகராக ஏற்கவில்லை. இடுதல் வேறு, நிகராக மதித்தல் வேறு என்பதை இந்நிகழ்ச்சி நன்கு புலப்படுத்துகின்றது.

பல நூற்றாண்டுகள் கடந்த பின்னும் அந்நோய் முற்றிலும் தீரவில்லை. சேரன்மாதேவியில் நடைபெற்ற குருகுலத்தில் மாணவர் சிலர்க்குத் தனிப்பந்தி அளிக்கப்பட்ட செய்தி, 1925-ஆம் ஆண்டளவில் தமிழ்நாடு முழுவதும் பெருங் கிளர்ச்சியை எழுப்பியது. 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனைக் கடைப்பிடித்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1955-இல் இயற்றப்பட்டது. உணவுக்கடையிலும் பொதுக்கிணற்றிலும் ஒருவரைத் தடுப்பவரைச் சட்டம் தண்டிக்கும். ஆனால், எதிர்வீட்டுச் சிறுமி கொணர்ந்த தட்டை வாங்கி வைத்து, அவள் சென்றபின் அதனை உண்ணாது கொட்டுபவரைச் சட்டம் என் செய்யும்? அங்கே சட்டம் நின்றுவிடுகின்றது. பண்பு தொடங்குதல் வேண்டும்.

இக்கருத்திற்கு மறுப்புகளும் எழலாம். ‘கடையில் இனிப்புகள் கிடைக்கின்றனவே, ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தால் போதாதா?’ என்பர் சிலர். கடைப் பெட்டியைக் கொடுத்தல் தவறன்று. எனினும், அதில் கொடுப்பவரின் பணம் உள்ளது. அவரது பொழுது இல்லை. காய் நறுக்கி, மாவு கரைத்து, அடுப்பின் முன் நின்ற ஒரு மணி நேரமும் வீட்டுப் பண்டத்தில் கலந்திருக்கின்றது. மேலும், விலை உயர்ந்த பெட்டியைப் பெற்ற எளியவர், அதற்கு ஈடு செய்ய இயலாது நாணுவர். எட்டுப் பணியாரங்களுக்கு ஒரு பிடி சர்க்கரை ஈடாகும். பெரும் பெட்டிக்கு எதனை ஈடாக வைப்பது?

‘இவ்வுழைப்பெல்லாம் தாய்மார் தலையில் அன்றோ விழும்?’ என்னும் மறுப்பு நேர்மையானது. பகிர்தலின் புகழ் வீட்டிற்கும், உழைப்பு ஒருவர்க்கும் ஆதல் முறையன்று. பரங்கியைத் துருவுதலும், பாத்திரம் கழுவுதலும், தட்டைச் சுமந்து செல்லுதலும் ஆண்பிள்ளைகளுக்கும் உரிய வேலைகளே. வீட்டிற்குள் உழைப்பைப் பகிராதவர் வீதியில் உணவைப் பகிர்வது அரைகுறை அறமாகும்.

‘ஒருவர் உண்பதை மற்றவர் உண்பதில்லையே’ என்பாரும் உளர். புலால் விலக்கியவர்க்குப் புலால் அனுப்புதலும், சர்க்கரை நோயுடையவர்க்கு இனிப்பு அனுப்புதலும் அன்பாகா. அடுத்த வீட்டார் எதனை உண்பர், எதனை உண்ணார் என்று கேட்டறிதலும் பகிர்தலின் ஒரு பகுதியே. ‘இப்பண்டம் என் உடலுக்கு ஒவ்வாது’ என்று மறுத்தலில் இழிவு இல்லை. ‘இக்கையால் சமைத்தது எனக்கு ஆகாது’ என்று மறுத்தலே இழிவு. முன்னது உணவைப் பற்றியது. பின்னது மனிதரைப் பற்றியது.

ஆதலின், கொடுத்தலினும் பெறுதலே ஒருவருடைய பண்பிற்குப் பெருஞ்சோதனையாகும். தம்மினும் எளியவர்க்குக் கொடுப்பவர் பலர்; எளியவர் தம் வீட்டில் சமைத்துக் கொடுத்ததை மகிழ்ந்து வாங்கி, அவர் முன்னிலையிலேயே உண்டு, ‘சுவையாக உள்ளது’ என்று உளமாரக் கூறுவோர் சிலரே. தெருக்கோடியில் உள்ள வீட்டிற்குத் தீபாவளிதோறும் பலகாரம் அனுப்பியும், அவ்வீட்டிலிருந்து ஒரு முறையேனும் தட்டு வராதிருப்பின், அங்குச் செல்வது பங்கு அன்று, பிச்சையே. தட்டு இரு வழியும் செல்லுதல் வேண்டும்.

பெருங்கொடை செய்யச் செல்வம் வேண்டும். அமுதசுரபி எல்லார் கையிலும் கிடைப்பதன்று. ஆனால், ஒரு பரங்கிக்காயும் ஒரு சிறு தட்டும் பெரும்பாலான இல்லங்களுக்கு எட்டுபவையே. இளைஞர் தம் வீட்டில் நல்ல பண்டம் சமைக்கும் நாளில், இதுவரை தம் வீட்டுத் தட்டுச் செல்லாத வாயில் எது என்று எண்ணிப் பார்ப்பாராக. முதலில் அவ்வாயிலுக்கே செல்வாராக. அங்கிருந்து ஒரு நாள் தட்டு வரும்பொழுது இரு கைகளாலும் அதனை வாங்குவாராக.