அடைக்கூடை யார் கையில்?

திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடை ஒன்றிலே, மூட்டை இறக்கிக் களைத்த தோழர்கள் நாலைந்து பேர். தோளிலே துண்டு, கையிலே குவளை, வாயிலே வாதம்! எதைப் பற்றி என்று எண்ணுகிறீர்கள்? தேர்தலைப் பற்றியா? விலைவாசியைப் பற்றியா? இல்லை, கோழியைப் பற்றி!

“கலப்பில்லாத தூய நாட்டுக்கோழிதான் கோழி. மற்றதெல்லாம் ஒரு கோழியா அண்ணே?” என்கிறார் ஒருவர்.

“போ தம்பி! உன் தூய கோழி பத்து முட்டை இடும், பிறகு அடைக்குப் படுத்துவிடும். கலப்புக் கோழி வாங்கிக் கட்டு, முட்டைக்குப் பஞ்சமே வராது” என்கிறார் மற்றவர்.

தேநீர் ஆறிவிட்டது, வாதம் ஆறவில்லை.

கோழிச் சண்டைதானே என்று நகைத்துவிட்டு நாம் நடந்திருக்கலாம். நடக்கவில்லை. ஏன்? 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த கோழி முதலிய பறவைகள் 85 கோடிக்கு மேல். அவற்றில் ஏறத்தாழ 31 கோடியே 70 இலட்சம், பண்ணைகளில் அல்ல, வீட்டுப் புழக்கடைகளில் மேய்ந்தவை. நிலமில்லாதவனுக்கும் ஒரு சொத்து, வங்கிக் கணக்கில்லாத தாய்க்கும் ஒரு சேமிப்பு அந்தக் கோழி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவோடு இரவாக விலையாவது அதுதான். ஆகவே இது ஏழை வீட்டுப் பொருளாதாரம், பேசித் தீரவேண்டிய பிரச்சினை.

முதலில் அந்தத் ‘தூய’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதைக் கேட்டாலே நமக்கு ஐயம் பிறக்கிறது. பிறப்பைக் காட்டிப் பெருமை பேசியவர்களால், தூய்மை பேசித் தொலைவிலே நிறுத்தியவர்களால், இந்த நாடு பட்ட பாடு கொஞ்சமா? சரி, மனிதனிடம் இல்லாத அந்தத் தூய்மை கோழியிடமாவது இருக்கிறதா என்று பார்ப்போமே!

‘பிரம்மா’ என்று ஓர் உயர்ந்த இனக் கோழி உண்டு. 1874இலேயே அமெரிக்காவின் தர ஏட்டில் இடம் பெற்ற இனம். பெயரைக் கேட்டு நான்முகன் படைத்தது என்று எண்ணிவிடாதீர்கள்! சீனத்து ஷாங்காய்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப்போன கோழிகளைக் கொண்டு, அமெரிக்கக் கோழிக்காரர்கள் படைத்தது அது. பிரம்மபுத்திரா என்று சூட்டிய பெயரைச் சுருக்கியதால் பிரம்மாவாயிற்று!

‘அசீல்’ என்ற சண்டைக் கோழியைப் பார்ப்போம். அரபு மொழியில் அச்சொல்லுக்கே தூய, உயர்பிறப்பு என்றுதான் பொருள். அந்தத் தூய கோழியை இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குக் கொண்டுபோய், வேறு இனங்களோடு சேர்த்து ‘கார்னிஷ்’ என்ற இனத்தை உண்டாக்கினர். அந்தக் கார்னிஷை வேறோர் இனத்தோடு கலந்ததன் வழியில் வந்ததே இன்று கடைகளில் தொங்கும் கறிக்கோழி. தூய்மையின் பேரப்பிள்ளை பிராய்லர்!

இன்னும் கேளுங்கள். இத்தாலியத் துறைமுகத்தின் பெயர் தாங்கிய வெள்ளை லெகார்ன் கோழிக்குத் தோலும் காலும் மஞ்சள். அந்த மஞ்சளுக்குரிய மரபுக்கூறு, தென்னாட்டுக் காடுகளில் திரியும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் அறிவியலார் எடுத்துக்காட்டினர். சீமைக் கோழியின் காலிலே நம் காட்டின் நிறம்! கலப்பில்லாத கோழி எங்கே இருக்கிறது? ஆகவே, தூய்மைக் கட்சியின் முதல் வாதம் தோற்றது.

அப்படியானால் கலப்புக் கட்சிக்கு வெற்றியா? மாலையை எடுத்துக்கொண்டு ஓடிவராதீர்கள். அவர்கள் கணக்கையும் பார்ப்போம்.

சிறுவிடை போன்ற நம் ஊர்க் கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். ஐதராபாத்தில் உருவாக்கிய கிராமப்பிரியா, புழக்கடையிலேயே 72 வார வயதுக்குள் 160 முதல் 180 வரை இடும். நம் சென்னையிலும் நந்தனத்துக் கோழி ஆராய்ச்சி நிலையம் ‘நந்தனம் கோழி’யை உருவாக்கித் தந்தது. அறிவியலின் இந்த உழைப்பை நாம் இகழமாட்டோம். முட்டை இரு மடங்கானால் ஏழைப் பிள்ளையின் தட்டிலே புரதம் இரு மடங்கு. அதை வேண்டாம் என்பவன் பசி அறியாதவன்.

ஆனால் ஒரு கேள்வி. அந்தக் கோழி அடைகாக்குமா?

பெரும்பாலும் காக்காது. காக்காமல் இருப்பதால்தான் அத்தனை முட்டை! நம் ஊர்ப் பெட்டை சோம்பேறி அல்ல. முட்டையிடுவதை நிறுத்திவிட்டு 21 நாள் அடை கிடக்கிறாள். பிறகு வாரக்கணக்கில் குஞ்சுகளைச் சிறகுக்குள் வைத்துக் காக்கிறாள். பருந்தைக் கண்டால் சீறுகிறாள். பொரிப்பகம், காவல்காரன், செவிலித்தாய் ஆகிய மூன்று வேலையையும் கூலியின்றிச் செய்கிறாள். முட்டையை மட்டும் எண்ணினால் அவள் தோற்பாள். குஞ்சையும் சேர்த்து எண்ணினால்?

கலப்புப் பெட்டையின் முட்டையை நாட்டுப் பெட்டையின் அடியில் வைத்துப் பொரிக்கலாமே என்பீர்கள். பொரிக்கலாம். ஆனால் பிறக்கும் குஞ்சு தாயைப்போல் இராது. கலப்பின் வீரியம் முதல் தலைமுறையில் நிமிர்ந்து நிற்கும், அடுத்ததில் சிதறும். ஒரு குஞ்சு இப்படி, மறு குஞ்சு அப்படி. ஆகவே ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குப் பொரிப்பகத்தின் வாசலுக்கே போகவேண்டும். இன்று மானியத்தில் கிடைக்கும், நாளை? குஞ்சு வராத ஆண்டில் கூடு காலி!

இங்கேதான் பிரச்சினையின் முடிச்சு இருக்கிறது. தூயதா கலப்பா என்பதல்ல கேள்வி. அடுத்த ஈடு யார் கையில் என்பதே கேள்வி! அடைக்கூடை அவள் வீட்டுத் திண்ணையில் இருக்கும்வரை அவள் உடைமைக்காரி. அது பொரிப்பகத்துக்கு முழுக்கப் போய்விட்டால் அவள் வெறும் வாடிக்கைக்காரி.

நாம் நாட்டுக்கோழிக்காகப் பரிந்து பேசுகிறோம், மறுக்கவில்லை. அது தூயது என்பதற்காக அல்ல. அது அடைகாக்கிறது என்பதற்காக! பிறப்புக்காக அல்ல, உழைப்புக்காக!

‘தூய நாட்டுக்கோழி’ என்ற கூச்சலால் கொழுப்பவர்கள் யார் என்பதையும் பாருங்கள். இந்த ஊருக்கு வரும் சாலையெல்லாம் ‘நாட்டுக்கோழி’ என்று உணவு விடுதிப் பலகைகள். பழுப்பு ஓட்டு முட்டையெல்லாம் நாட்டு முட்டை என்று கடையிலே இரட்டை விலை. ஓட்டின் நிறம் இனத்தைக் காட்டும், சத்தைக் காட்டாது. தூய்மை என்ற சொல்லுக்கு விலை வைத்தவன் வணிகன். வளர்த்த தாய்க்குக் கிடைத்தது சில்லறை.

எனவே நாம் சொல்வது மூன்று. ஒன்று: வீட்டில் இரண்டு மூன்று ஊர்ப் பெட்டைகள் அடைக்கென்று இருக்கட்டும், முட்டைக்கென்று சில கலப்புப் பெட்டைகள் தனியே இருக்கட்டும். கலப்புச் சேவலை ஊர்ப் பெட்டைகளோடு கண்டபடி திரியவிட்டால், தலைமுறை செல்லச்செல்ல அடைகாக்கும் குணம் தேய்ந்துவிடும். இரண்டு: அரசுப் பண்ணைகள் கலப்பினத்தைப் பெருக்குவதோடு நில்லாமல், சிறுவிடையிலும் பெருவிடையிலும் நல்லவற்றைப் பொறுக்கி வளர்த்துக் கொடுக்கவேண்டும். மூன்று: எந்த இனமானாலும் தடுப்பூசி! வெள்ளைக்கழிச்சல் வந்தால் தூயதையும் விடாது, கலப்பையும் விடாது. ஒரே வாரத்தில் கூட்டைக் காலியாக்கும். அதற்கான மருந்தைச் செய்யும் நிலையம், நம் பழைய வட ஆற்காட்டு இராணிப்பேட்டையிலேயே 1932 முதல் இருக்கிறது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலே சொட்டு, எட்டாம் வாரம் ஊசி. முகாம் நடக்கிறதென்று தெரிந்தால், தோழர்களே, பஞ்சாரத்தோடு போங்கள். பக்கத்து வீட்டாரையும் அழைத்துப் போங்கள்!

தேநீர்க் கடைத் தோழர்கள் இருவரிடமும் இதையே சொன்னோம். தூய்மை பேசியவர் தலையைச் சொறிந்தார். கலப்புப் பேசியவர் சிரித்தார், பிறகு கேட்டார்: “எனக்கு அடைக்கு ஒரு பெட்டை வேணும் தம்பி, உன் வீட்டில் இருக்கா?”

இருந்தது. வாதம் அங்கே முடிந்தது.