மகளை முகாமுக்கு அனுப்பலாமா?

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு ஒரே மகள். எட்டாவது படிக்கிறாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு தாள் கொண்டு வந்தாள்.

"என்.சி.சி.யில் சேரப் போகிறேன். அப்பா கையெழுத்துப் போட வேண்டும்" என்றாள்.

அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"வயசுக்கு வந்த பிள்ளைக்குக் காக்கிச் சட்டை மாட்டி, வெயிலில் நிறுத்துவதா? ஊர் சிரிக்காதா?" என்றார் அப்பத்தா.

"நான்தான் இந்தத் தெருவைத் தாண்டவில்லை. அவளாவது நாலு இடம் பார்க்கட்டும் அத்தை" என்றாள் தாய்.

தகப்பனார் வெகு நேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார்.

"கிருஷ்ணகிரி."

அதன் பிறகு மற்ற இருவரும் வாய் திறக்கவில்லை.

கிருஷ்ணகிரியில் நடந்தது என்ன?

2024-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி. "என்.சி.சி. முகாம் நடக்கிறது" என்று சொன்னார்கள். 17 மாணவிகள் பள்ளியிலேயே தங்கினார்கள். பெற்றோரும் நம்பி அனுப்பினார்கள்.

அது என்.சி.சி. முகாம் அல்ல. பயிற்சி கொடுக்க வந்தவரும் என்.சி.சி.யைச் சேர்ந்தவர் அல்ல. எல்லாம் போலி!

இரவில் ஒரு சிறுமிக்குப் பாலியல் கொடுமை நடந்தது. அவள் பள்ளியில் முறையிட்டாள். "வெளியே சொல்லாதே" என்று அடக்கிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. விஷயம் போலீசுக்குப் போனது. முகாம் நடத்திய ஆள் கைதானார். பள்ளி முதல்வர் உள்பட வேறு சிலரும் கைதானார்கள். முக்கிய குற்றவாளி என்று சொல்லப்பட்டவர் அதே மாதத்தில் இறந்து போனார். அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. வேறு பள்ளிகளிலும் இப்படிப்பட்ட போலி முகாம்கள் நடந்தது அப்போதுதான் தெரிய வந்தது.

"அந்தப் பள்ளிக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை" என்று என்.சி.சி. அறிவித்தது. உண்மைதான். ஆனால், தாய் தகப்பனுக்கு அது எப்படித் தெரியும்?

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ராணுவத்தோடு சேர்ந்த பெயர் என்பதால், என்.சி.சி. என்றால் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. அந்தப் பெயருக்கு மக்களிடம் இருந்த மரியாதையைத் திருடித்தான் அங்கே காரியம் நடந்தது. கதவுக்குப் பூட்டு இருந்தது. பூட்டைத் திறக்கிற சாவி அந்தப் பெயராக இருந்தது.

அதற்காகப் பெண் பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்தால், தப்பு செய்தவனுக்குத் தண்டனை போய், பிள்ளைக்குத் தண்டனை வந்த கதையாகும். இது என் எண்ணம்.

அசல் எது?

என்.சி.சி. என்பது தேசிய மாணவர் படை. 1948-ம் ஆண்டு சட்டப்படி ஏற்பட்டது. அடுத்த ஆண்டே, 1949-ல், பெண்களுக்கும் பிரிவு வந்துவிட்டது. அப்பத்தா பிறப்பதற்கு முன்பே நம் நாட்டுப் பெண்கள் சீருடை உடுத்தி அணிவகுத்தார்கள்! இதைச் சொன்னபோது அப்பத்தா நம்பவில்லை.

இது மத்திய அரசின் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது. தனி ஆள் யாரும் இதை நடத்த முடியாது. எந்தப் பள்ளியில் படை உண்டு என்பதை என்.சி.சி.யே முடிவு செய்யும். ஒவ்வொரு பள்ளியும் ஒரு பட்டாலியனின் கீழ் வரும். அந்தப் பட்டாலியனுக்கு எண் உண்டு, அலுவலகம் உண்டு. பள்ளியில் பொறுப்பாக ஓர் ஆசிரியர் இருப்பார். மாணவிகள் முகாம் என்றால் பெண் அதிகாரிகளும் பெண் பயிற்றுநர்களும் இருப்பார்கள்.

ஆகவே தகப்பனார் கேட்க வேண்டிய கேள்வி சின்னதுதான். "எந்தப் பட்டாலியன்? அலுவலகம் எங்கே?" அசல் ஆளுக்கு இதற்குப் பதில் சொல்ல அரை நிமிடம் போதும். "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்று யாராவது சொன்னால், தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். முகாம் என்றால் இன்னும் இரண்டு கேள்வி. இரவில் பிள்ளைகளோடு தங்கும் பெண் யார்? நான் நேரில் வந்து இடத்தைப் பார்க்கலாமா?

பிள்ளையிடமும் ஒன்று சொல்லி அனுப்ப வேண்டும். "உனக்குப் பிடிக்காதபடி யார் தொட்டாலும், மேலதிகாரியே ஆனாலும், சத்தம் போடு. வந்து என்னிடம் சொல். நான் உன்னைத் திட்ட மாட்டேன்." கடைசி வாக்கியம்தான் முக்கியம். அடி விழும் என்று பயந்த பிள்ளை எதையும் சொல்லாது. அவசரம் என்றால் 1098 என்ற எண்ணுக்குப் பிள்ளையே போன் செய்யலாம், காசு கிடையாது. இப்படி நடந்த குற்றத்தைத் தெரிந்தும் மறைப்பது 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். மறைத்தவர் நிறுவனத்தின் தலைவராக இருந்தால் ஓராண்டு வரை ஜெயில் உண்டு.

சாரணியர் கதை

என்.சி.சி. இல்லாத பள்ளியில் சாரணியர் படை இருக்கலாம். அதன் கதை சுவையானது. 1909-ம் ஆண்டு லண்டனில் சாரணச் சிறுவர்கள் கூடினார்கள். அழைக்காமலே சில சிறுமிகள் அங்கே வந்து நின்றார்கள். "நாங்களும் சாரணர்தான்" என்றார்கள்! அப்போது அங்கேயும் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் மறு ஆண்டே பெண்களுக்குத் தனி இயக்கம் பிறந்தது. இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், தம் தங்கை ஆக்னசிடம் அதை ஒப்படைத்தார். 1911-ல் அது ஜபல்பூருக்கு வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-ல், சிதறிக் கிடந்த அமைப்புகள் "பாரத சாரணர், சாரணியர்" என்று ஒன்றாயின. அதன் வைர விழாப் பெருந்திரளணி 2025-ம் ஆண்டு நம் மணப்பாறையில்தான் நடந்தது.

கூடாரம் அடிப்பது, முடிச்சுப் போடுவது, முதல் உதவி செய்வது, பத்துப் பேருக்குச் சமைப்பது எல்லாம் இதில் உண்டு. விழாவுக்கு வருகிற பிரமுகருக்குத் தட்டு ஏந்தி இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்பது சாரணியம் ஆகாது. சில பள்ளிகளில் அது மட்டும்தான் நடக்கிறது. அங்கே சேர்ப்பதும் ஒன்று, சேர்க்காததும் ஒன்று.

படிப்பு கெடாதா?

வாரத்தில் சில மணி நேரம்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கும்போது முகாம் வந்தால் கஷ்டம்தான். அதனால்தான் பள்ளியில் பெரும்பாலும் எட்டிலோ ஒன்பதிலோ சேர்க்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக வந்து, முகாமும் முடித்தால் "ஏ" சான்றிதழ்ப் பரீட்சை எழுதலாம். கல்லூரியில் "பி", "சி" உண்டு.

"பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா?" என்று சிலர் கேட்கிறார்கள். மாட்டார்கள். கட்டாயம் எதுவும் இல்லை. விரும்பிப் போகிறவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பெண்கள் முதன்முதலாக 2022-ல் சேர்ந்தார்கள். 2025 மே மாதம் 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

வெயிலில் கறுத்துப் போவாளே என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கறுத்துத்தான் போவாள்.

மளிகைக் கடைக்காரர் திங்கட்கிழமை கடையைத் தாமதமாகத் திறந்தார். மனைவியோடு பள்ளிக்கூடம் போனார். பொறுப்பு ஆசிரியை முதலில் கொஞ்சம் முகம் மாறினாராம். பிறகு, "கேட்டது நல்லது அண்ணா. இதுவரை யாருமே கேட்கவில்லை" என்று சொல்லி, பட்டாலியன் அலுவலக எண்ணை எழுதிக் கொடுத்தாராம். அங்கே போன் செய்து விசாரித்த பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

சீருடை இன்னும் வரவில்லை. அப்பத்தா தினமும் ஒரு கேள்வி கேட்கிறார்.

"தொப்பியில் சிவப்பாக ஒரு கொண்டை இருக்குமாமே, அதை எந்தப் பக்கம் வைப்பது?"