பேரீச்சம்பழத்துக்குப் போட்ட டவர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. முனிர்காவில் எங்கள் சந்துக்குள் "கபாடீ..." என்று இழுத்துக்கொண்டே பழைய சாமான் வண்டிக்காரர் வந்தார். தங்கமணி டிராயரைத் திறந்து மூன்று பழைய செல்போன், செத்துப்போன ஒரு மோடம், சிக்கலாகக் கிடந்த சார்ஜர் வயர்கள் எல்லாவற்றையும் மேஜையில் கொட்டினாள்.

"போட்டுடலாமா? நீங்கதான் அந்த லைன்ல இருக்கீங்களே, சொல்லுங்க."

சின்ன வயதில் ஓட்டை அலுமினியக் குண்டானைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றோமே, ஞாபகமிருக்கிறதா? கொடுத்தோம், தின்றோம், அப்புறம் குண்டான் எங்கே போனால் நமக்கென்ன? அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. வீட்டில் மட்டுமல்ல, பெரிய பெரிய ஆபீசிலும்தான்.

நான் வேலை பார்ப்பது குர்காவில் ஒரு தொலைபேசிக் கம்பெனியில். டவர் என்றால் உங்களுக்கு உயரமான இரும்புக் கம்பம். அதன் காலடியில் இருப்பதுதான் விஷயமே: கரண்ட் போனால் தாங்க வரிசையாக ஈய பேட்டரிகள், ரேடியோப் பெட்டிகள், கட்டுக்கட்டாகச் செம்புக் கேபிள். பேட்டரி சில வருடங்களில் செத்துவிடும். 2ஜி, 3ஜி, 4ஜி என்று தாவும்போதெல்லாம் பெட்டிகளும் பழசாகிவிடும். 2018இல் நம்ம ஊர் ஏர்செல் திவாலானபோது நம்பரை எப்படி மாற்றுவது என்றுதான் எல்லோரும் தவித்தோம். அத்தனை டவர் சாமானும் எங்கே போகும் என்று யார் கேட்டோம்?

சில வருடங்களுக்கு முன் எங்கள் கிடங்கைக் காலி செய்தோம். முறையாக மறுசுழற்சி செய்பவர் சொன்ன விலை குறைவு. இன்னொருவர் கூடக் கொடுத்தார். அவரிடமும் ஒரு சர்ட்டிபிகேட் இருந்தது. கேட் பாஸில் கையெழுத்துப் போட்டவன் நான். லாரி எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்க்கவில்லை.

அவருக்கு எப்படிக் கட்டுப்படியானது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அமிலத்தைச் சுத்திகரிக்கும் செலவு இல்லை, புகையை வடிகட்டும் செலவு இல்லை, கையுறைகூட இல்லை என்றால் யாரும் கூடக் கொடுக்கலாம். அந்த அதிக விலை நமக்கு லாபமில்லை ஐயா, யாரோ ஒருவருடைய நுரையீரலை விற்ற காசு.

அந்த யாரோ ரொம்ப தூரத்திலும் இல்லை. முனிர்காவில் மெட்ரோ ஏறி, ஹவுஸ் காஸிலும் காஷ்மீரி கேட்டிலும் மாறினால் சீலம்பூர். நாட்டின் பெரிய மின்கழிவுச் சந்தைகளில் ஒன்று. வெறுங்கையாலும் சுத்தியலாலும் போர்டுகளை உடைக்கிறார்கள். அங்கிருந்து போகிற சரக்கில் செம்புக்காக வயரை எரிப்பதும், உலோகத்துக்காகப் போர்டை அமிலத்தில் முக்குவதும் நகரத்து ஓரங்களில் நடக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் என்பது தெரிந்த சங்கதி.

"முறைப்படி ஏலம் விட்டாச்சு சார், நம்ம பொறுப்பு முடிஞ்சுது" என்பார்கள். டெல்லிப் பல்கலைக்கழகமும் 1985இலிருந்து சும்மா கிடந்த ஒரு கதிரியக்கக் கருவியை 2010இல் ஏலத்தில்தான் விட்டது. உள்ளே கோபால்ட்-60. மாயாபுரி காயலான் கடையில் பிரித்தார்கள். ஒரு தொழிலாளி செத்தே போனார்.

சட்டம் இல்லாமலில்லை. பேட்டரிக்கு 2001இலேயே விதி வந்தது. மின்கழிவுக்கு 2012 மே முதல் விதி. 2023 ஏப்ரலில் அமலான புதிய விதிப்படி, பெருமளவில் சாதனங்களைப் பயன்படுத்தும் நிறுவனம் தன் மின்கழிவைப் பதிவு பெற்றவரிடம்தான் தர வேண்டும். ஆனால் மறுசுழற்சிக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தர வேண்டும் என்று அரசு சொன்னதற்கு, பெரிய மின்சாதனக் கம்பெனிகள் 2025இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. செலவு என்றால்தான் எல்லோருக்கும் கசக்கிறது!

என் கட்சி இதுதான். கழிவை அதிக விலைக்கு ஏலம் விடுவதை முதலில் நிறுத்த வேண்டும். சர்ட்டிபிகேட்டைப் பார்த்தால் போதாது, சரக்கு ஆலைக்குள் போன எடைச்சீட்டைக் கேட்க வேண்டும். சீலம்பூரை விரட்டவும் கூடாது. விரட்டினால் புகை அடுத்த கிராமத்துக்குப் போகும், அவ்வளவுதான். சேகரிப்பதும் கையால் பிரிப்பதும் அவர்களுக்குக் கூலியோடு, கையுறையோடு இருக்கட்டும். அமிலமும் உலையும் ஆலைக்குப் போகட்டும். அதற்காக நம் போன் பில்லில் சில பைசா கூடினால் கொடுத்துத் தொலைப்போம்.

தங்கமணியிடம், "பேப்பரை மட்டும் போடு, போனை வை" என்றேன். மறுபடியும் டிராயருக்குள் போயிற்று. பதிவு பெற்ற இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு.

உங்கள் ஆபீசில் பழைய சாமான் எங்கே போகிறது? திங்கட்கிழமை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நான் கேட்காமல் கையெழுத்துப் போட்டவன்.