பொன்முடியில் மூடுபனி எப்படி விலகுகிறது?

பொன்முடிக்குப் போய் வருகிறவர்கள் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: மேலே போனோம், ஒன்றும் தெரியவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் பத்தடிக்கு அப்பால் கண் போகாது. கொஞ்சம் காத்திருந்தால் விலகுமா என்பதுதான் அங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி. எப்படி விலகும் என்று தெரிந்தவருக்கே அதற்கு விடை சொல்ல முடியும்.

ஆங்கில வானிலைச் செய்திகளில் மூடுபனி போவதைக் குறிக்க நான்கு வினைச்சொற்கள் அடிக்கடி வரும். 'லிஃப்ட்' என்றால் தரையை விட்டு மேலே எழுவது. 'பர்ன் ஆஃப்' என்றால் வெயிலில் காய்ந்து போவது. 'டிஸ்பர்ஸ்' என்றால் காற்றில் சிதறுவது. 'டிசிபேட்' என்றால் எந்த வழியிலாவது கரைந்து இல்லாமல் ஆவது. அகராதியைப் பார்த்தால் நான்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். மலையில் நின்று பார்க்கும்போதுதான் ஒவ்வொன்றும் வேறு வேலையைச் சொல்கிறது என்பது புரியும்.

முதலில் மூடுபனி என்பது என்ன? அது நீராவி அல்ல. நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது மிகச் சிறிய நீர்த்துளிகளை. ஒரு துளியின் குறுக்களவு பெரும்பாலும் தலைமயிரின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. பத்தடி நீளம், அகலம், உயரம் உள்ள ஓர் அறை நிறைய மூடுபனி இருந்தாலும் அதிலுள்ள நீர் ஒரு டீஸ்பூன் அளவே தேறும். அவ்வளவு குறைந்த நீர் எதிரே வரும் பஸ்ஸை மறைத்துவிடுகிறது. துளிகள் எண்ணற்றவை, ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கிறது என்பதே காரணம்.

இந்தத் துளிகள் ஏன் உண்டாகின்றன? காற்று தாங்கக்கூடிய நீராவிக்கு ஓர் அளவு உண்டு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 17 கிராம் நீராவி இருக்கலாம். 15 டிகிரியில் 13 கிராம்தான் இருக்க முடியும். குளிர்ந்தால் மிச்சம் துளியாகிவிடும். மறுபடி சூடானால் துளி ஆவியாகும். மூடுபனி வருவதும் போவதும் பெரும்பாலும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். ஒரு டிகிரிக்கும் குறைவாகச் சூடேறினாலே போதும், அந்த அறையின் பனி மறைந்துவிடும்.

இனி 'பர்ன் ஆஃப்'. சொல்லைக் கேட்டால் வெயில் பனியைச் சுட்டெரிப்பதுபோல் இருக்கும். உண்மையில் துளிகள் வெயிலை மிகக் கொஞ்சமே உறிஞ்சுகின்றன. பனியைக் கடந்து தரைக்கு வரும் வெயில் தரையைச் சூடாக்குகிறது. தரை தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. ஆகவே பனி அடியிலிருந்து கரையத் தொடங்குகிறது. கீழ்ப்பகுதி கரைந்து மேல்பகுதி மட்டும் நிற்கும் நேரத்தைத்தான் 'லிஃப்ட்' என்கிறார்கள். பள்ளத்தாக்கில் இரவு முழுவதும் தேங்கிய பனி காலை ஒன்பது, பத்து மணிக்குள் இப்படித்தான் விலகும்.

பொன்முடியின் பனியில் பெரும்பகுதி அந்த வகை அல்ல. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறுகிறது. ஏற ஏற, நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் குளிர்கிறது. ஓர் உயரத்தில் அதன் நீராவி துளியாகிறது. அடிவாரத்தில் நிற்பவருக்கு அது மலைமேல் அமர்ந்த மேகம். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உச்சியில் நிற்பவருக்கு மூடுபனி. இரண்டும் ஒரே பொருள்தான். இதனால் ஒரு விந்தை நேர்கிறது. காற்று பலமாக அடித்தும் பனி போகவில்லையே என்று அங்கே வியப்பவர்கள் உண்டு. அடிக்கிற காற்றுதான் பனியைக் கொண்டுவருகிறது! ஒரு துண்டு கலைந்து போனதும் அடுத்தது கீழிருந்து ஏறி வருகிறது. எனவே இங்கே 'டிஸ்பர்ஸ்' என்ற சொல் பாதி உண்மைதான்.

அதே காற்று மலைமுகட்டைத் தாண்டிக் கிழக்கே, அம்பாசமுத்திரம் பக்கமாக இறங்கும்போது கதை மாறுகிறது. இறங்கும் காற்று சூடாகிறது, துளிகள் ஆவியாகின்றன. தென்மேற்குப் பருவக்காலத்தில் முகட்டின்மேல் வழியும் மேகம் சரிவில் கொஞ்ச தூரம் வந்து காணாமல் போவது இதனால்தான். யாரும் அதை விரட்டவில்லை.

மனிதன் விரட்டிப் பார்த்ததும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பல விமானத் தளங்களில் ஓடுபாதையின் இருபுறமும் குழாய் போட்டுப் பெட்ரோல் எரித்தார்கள். அதற்கு ஃபைடோ என்று பெயர். கணக்குச் சரியாகவே இருந்தது. காற்று சூடாகி, பனி விலகி, விமானங்கள் இறங்கின. ஆனால் எரிபொருள் மணிக்குப் பல்லாயிரம் காலன் செலவானது. போர்க்காலத்தில் தாங்கிக்கொண்ட செலவை அதற்குப் பிறகு தொடர வழியில்லை. 1946-இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் உலர்பனிக்கட்டி தூவி மேகத்துளிகளை உறையவைத்துக் காட்டினார். அந்த முறை பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்த துளிகளுக்குத்தான் பலிக்கும். பொன்முடி அவ்வளவு குளிர்வதில்லை.

தில்லி விமான நிலையம் வேறு வழியில் போகிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2015 குளிர்காலம் முதல் அங்கே மூடுபனியை அளந்து ஆராய்ந்து, முன்கூட்டியே கணிக்க முயல்கிறது. விமானங்களோ கருவிகளின் உதவியால் குறைந்த பார்வையிலேயே இறங்குகின்றன. பனியை அகற்றும் முயற்சி அங்கே முதன்மையானது அல்ல.

மலைச்சாலைக்கும் இதுதான் நடைமுறைக்கு ஏற்றது என்று தோன்றுகிறது. ஹைபீம் போட்டால் துளிகள் ஒளியைத் திருப்பி ஓட்டுநரின் கண்ணிலேயே அடிக்கும், ஆகவே லோபீம். வளைவுகளில் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டைகள், சாலையோரக் கோடு, குறைந்த வேகம். மேலே காத்திருக்கலாமா என்பதற்கு, கீழிருந்து ஈரக்காற்று ஏறிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். காற்று ஓய்ந்து வெயில் ஊடுருவத் தொடங்கியிருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரம் நிற்கலாம். முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருந்தால் அன்றைக்குப் பனி போகாது.