உடையா, சீமை உடையா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுடன் கயத்தாற்றுக்குப் போயிருந்தோம். 1799-ஆம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. நினைவிடத்தைத் தரிசித்தபின், வெயில் தாழும்வரை ஒதுங்க நிழல் தேடினோம். கரிசற் காட்டின் ஓரத்தில், விரித்த குடை போல உச்சி தட்டையாகப் பரந்த முள்மரம் ஒன்று நின்றது.

"இது என்ன மரம்?" என்றான் பையன். கட்டபொம்மன் மாண்ட புளியமரத்தைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்த நமக்கு, நிழல் தந்த மரத்தின் பெயர் தெரியவில்லை! "சீமைக் கருவேலாயிருக்கும்; வெட்டி எறிய வேண்டிய மரம்" என்று சொல்லி வைத்தோம்.

அருகில் ஆடு மேய்த்த பாட்டி சிரித்துவிட்டாள். "இதையா வெட்டணும்? இது நம்ம உடை ஐயா. சீமை உடை அந்தா, ஓடைக்கரையிலே நிக்குது" என்றாள்.

பாட்டி சொன்னதே சரி. குடைவேல் என்றும் பெயர் பெற்ற உடை, தென் தமிழ்நாட்டிற்கும் இலங்கைக்கும் சொந்தமான மரம். அதன் பூ வெண்மையான சிறு உருண்டை, காய் சுருண்டிருக்கும். ஆடுகள் அதை விரும்பித் தின்னும். நாட்டுக் கருவேலுக்குப் பூ மஞ்சள் உருண்டை. காய் மணிகோத்த மாலை போன்றது. சீமைக் கருவேலோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. அதன் பூ நீண்ட கதிர். காய் பழுத்தால் மஞ்சளாகும். இப்பக்கத்தார் அதனைச் 'சீமை உடை' என்றழைப்பதால் குழப்பம் வளர்கிறது.

இக்குழப்பம் அற்பமானதன்று. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலை அகற்றும்படி உத்தரவிட்டது. அரிவாள் எடுத்தவர் கண்ணுக்கு முள்ளெல்லாம் ஒன்றாகத் தோன்றினால், வந்தேறியோடு வீட்டுப் பிள்ளையும் வெட்டுண்டு போகாதா?

திரும்பும்போது பையன் சுருண்ட காய்கள் இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நேயர்களே, முள்மரத்தை வெட்டுமுன் அதன் பூவையும் காயையும் ஒரு முறை பாருங்கள். நமக்குத் தெரியாவிட்டால், ஆடு மேய்ப்பவரைக் கேட்பதில் வெட்கமில்லை.