யார் யாருக்குச் சுமை? கொங்கு மண்ணில் நின்று வாசிக்க வேண்டிய ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ்

"இப்பத்த பசங்களுக்குப் பொறுப்பே இல்லீங்க. எந்நேரமும் போனுதான்."

காந்திபுரம், பல்லடம், பெருந்துறை என்று கொங்கு வட்டாரத்தில் எந்த பேக்கரி முன்னால் நின்று டீ குடித்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். இதே பேச்சை முதலாக வைத்துத் தொழில் நடத்தும் ஒரு வில்லன் மார்வெல் காமிக்ஸில் இருக்கிறான். அவன் வரும் கதைதான் 'மிஸ் மார்வெல்' தொடரின் இரண்டாம் தொகுப்பான 'ஜெனரேஷன் ஒய்'. வெளிவந்து பத்து வருஷம் தாண்டிவிட்டது. ஆனால் கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் இன்றைக்கும் எடுத்துப் படிக்க வேண்டிய புத்தகம் அது.

யார் இந்த கமலா கான்?

2014-ல் தனித் தொடராக வந்த 'மிஸ் மார்வெல்' காமிக்ஸின் நாயகி கமலா கான். அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். வயசு 16. ஜி.வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்த முதல் தொகுப்பு, 2015-ல் சிறந்த கிராஃபிக் கதைக்கான ஹ்யூகோ விருதை வாங்கியது. உடம்பைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், கையை ரப்பர் மாதிரி நீட்டலாம் என்பது அவளுடைய சக்தி. அதைவிடப் பெரிய சிக்கல், ராத்திரி லேட்டாக வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பது!

2022-ல் வந்த 'மிஸ் மார்வெல்' வெப் சீரிஸைத் தமிழில் பார்த்தவர்களுக்கு கமலா புதுசு இல்லை. ஆனால் சீரிஸில் அவளுடைய சக்தியே வேறு. இந்த வில்லனும் அதில் கிடையாது. காமிக்ஸின் மையமான கேள்வி திரைக்கு வரவே இல்லை.

கதையில் என்ன நடக்கிறது?

ஜெர்சி சிட்டியில் டீன் ஏஜ் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். பின்னால் இருப்பவன் 'இன்வென்டர்'. விஞ்ஞானி எடிசனைக் குளோனிங் செய்யும்போது ஒரு கிளியின் டிஎன்ஏ கலந்துபோனதால், மனித உடம்பும் பறவைத் தலையுமாகப் பிறந்தவன். கேட்கவே சிரிப்பு வரும். ஆனால் அவன் செய்யும் வேலை சிரிப்புக்குரியது இல்லை. பிள்ளைகளை இயந்திரத்தில் பொருத்தி, அவர்கள் உடம்பிலிருந்து மின்சாரம் எடுக்கிறான்.

திருப்பம் அடுத்து வருகிறது. அந்தப் பிள்ளைகளில் பலரை யாரும் கடத்தவில்லை. தாங்களாகவே வந்து படுத்துக்கொண்டவர்கள். 'நாம் உருப்படாத தலைமுறை, உலகத்துக்குப் பாரம், பேட்டரியாகவாவது பயன்படுவோம்' என்று நம்பிவிட்டார்கள். பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதைப் பிள்ளைகள் உண்மை என்று எடுத்துக்கொண்டதன் விளைவு இது. கமலா முதலில் உடைக்க வேண்டியது இந்த நம்பிக்கையை. இயந்திரம் அதற்கு அப்புறம்தான்.

இதே தொகுப்பில் வுல்வரினும் வருகிறார். காயம் தானாக ஆறும் சக்தியை இழந்து, நடக்கவே சிரமப்படுகிறார். அந்த மூத்த ஹீரோவைக் கமலா முதுகில் சுமந்துகொண்டு போகிறாள். யார் யாரைச் சுமக்கிறார்கள் என்று புத்தகம் கேட்பதற்கு அந்த ஒரு காட்சியே போதும்.

சரி, இதுக்கும் கொங்குக்கும் என்ன சம்பந்தம்?

பேட்டரிப் பிள்ளைகள் இங்கே கற்பனை இல்லை. 2000-களில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் பரவலாக இருந்த 'சுமங்கலி திட்டம்' நினைவிருக்கலாம். ஏழைக் குடும்பத்து இளம்பெண்கள் மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் 30,000, 50,000 ரூபாய் என்று மொத்தமாக ஒரு தொகை. கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லித்தான் ஆள் எடுத்தார்கள். நடுவில் உடம்பு முடியாமல் கிளம்பியவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. பல ஹாஸ்டல்களில் வெளியே போகவும் போன் பேசவும் கட்டுப்பாடு இருந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வு அமைப்புகள் 2011-ல் விரிவான அறிக்கையே வெளியிட்டன.

வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. ஆனாலும் 'பொம்பளைப் புள்ள வீட்டுக்குப் பாரம்' என்ற பேச்சு நின்றபாடில்லை. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் இப்படி ஒரு திட்டத்துக்கு ஆளே கிடைத்திருக்காது. தான் பாரம் என்று நம்பிய பெண், அந்தப் பாரத்தை இறக்கத் தானே மில் வாசலுக்கு வந்தாள். இன்வென்டரின் கணக்கும் இதுவேதான்.

இன்னொரு கணக்கு நொய்யல் ஆறு. பாசனத்துக்காக 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. தண்ணீர் கேட்டிருந்த விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று போராட வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. பனியன் தொழில் பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டதை யாரும் மறுக்க முடியாது. அதே தொழில் விட்டுப்போன கழிவுக்கான பில், அப்போது பிறந்தே இருக்காத பிள்ளைகள் பேரில் வந்திருக்கிறது.

காமிக்ஸ் எங்கே சறுக்குகிறது?

ஒரே ஒரு பேச்சில் பிள்ளைகள் மனசு மாறிவிடுவது ரொம்ப சுலபம். வருஷக்கணக்கில் உள்ளே போன நம்பிக்கை அத்தனை வேகமாக வெளியே வராது. வெளியே வந்தவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் கதை அதிகம் கண்டுகொள்ளவில்லை. வில்லனுக்குப் பறவைத் தலை வைத்ததும் ஒரு வசதிதான். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். நிஜத்தில் ஆள் பிடிக்க வந்த ஏஜென்ட் பல நேரம் பக்கத்து ஊர்க்காரர், தெரிந்தவர். கையெழுத்துப் போட்டது அப்பா. யார் மேல் கமலா கையை நீட்டுவாள்?

இந்தக் கேள்வியை ஒரு தமிழ் காமிக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியதிலிருந்து தமிழில் மொழிபெயர்ப்பு ஹீரோக்களுக்குப் பஞ்சமே இல்லை. சினிமாவில் 2023-ல் வந்த 'வீரன்', கொங்கு கிராமத்தில் ஒரு சூப்பர் ஹீரோவை நிறுத்திப் பார்த்தது. ஹாஸ்டல் கேட்டைத் தாண்டி வெளியே வரும் 17 வயசுப் பெண்ணை நாயகியாக வைத்து ஒரு கதை வந்தால், அவளுக்குக் கை நீள வேண்டும் என்றுகூட இல்லை. மூன்று வருஷக் கணக்கைக் கேட்டு வாங்கினாலே போதும், அது சூப்பர் பவர்தான்.

அதுவரை 'ஜெனரேஷன் ஒய்' இருக்கிறது. முதல் தொகுப்பைப் படித்துவிட்டு இதற்கு வந்தால் கதை நன்றாகப் பிடிபடும். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் அவர்களுக்குக் கொடுக்கலாம். அதற்கு முன்னால், பொறுப்பைப் பற்றி எந்நேரமும் பேசும் பெரியவர் யாராவது இருந்தால், அவர் முதலில் படிப்பது நல்லது.